வேலை முடிந்தபின் திறக்கும் இருட்டறை

பகலில் வேறு தொழில் செய்யும் வயதுவந்தோர் மாலை வேளையில் குறைந்த கட்டணத்தில் ஒளிப்படக் கலை பயிலும் வகுப்புகள் இன்று பல நாடுகளின் சமூகக் கலைமையங்களில் நடைபெறுகின்றன. அத்தகைய வகுப்பு எவ்வாறு அமைய வேண்டும், அதில் பயில்வோருக்கு உண்மையில் எது கைவருகிறது என்பவற்றை அறிய விரும்புவோர் நியூயார்க் நகரில் 1936 முதல் 1951 வரை இயங்கிய ‘ஃபோட்டோ லீக்’ என்னும் அமைப்பின் பள்ளியைத்தான் முதலில் நோக்க வேண்டும்.

1930இல் தொடங்கப்பட்ட தொழிலாளர் திரைப்பட, ஒளிப்படச் சங்கத்திலிருந்து 1936இல் பிரிந்துவந்த ஒளிப்படக்காரர்கள், சிட் கிராஸ்மன், சால் லிப்சன் ஆகியோரின் முன்முயற்சியால் ஃபோட்டோ லீக்கை அமைத்தனர். பொருளாதாரப் பெருமந்தம் நீடித்த அந்த ஆண்டுகளில் அமெரிக்காவில் ஒளிப்படத்தைத் தனிப்பாடமாகக் கற்பித்த கல்லூரிகள் மிகச் சிலவே. அவற்றில் சேரும் வசதியோ லீக்கை நாடி வந்தவர்களுக்கு, பெரும்பாலும் கிழக்கு ஐரோப்பாவிலிருந்து குடியேறிய யூதத் தொழிலாளர் குடும்பங்களின் பிள்ளைகளுக்கு, இல்லை. ஆகவே உறுப்பினர்களே ஒரு பள்ளியை நடத்தினர், உறுப்பினர்களே பாடமும் எடுத்தனர். கிராஸ்மனின் பொறுப்பில் இருந்த அப்பள்ளியில் லீக்கின் ஆயுட்காலத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் பயின்றனர்.

அவர்களுக்கு முதலில் கிடைத்த பெரும்பேறு பொது இருட்டறை. இருட்டறை என்பது ஃபிலிமைக் கழுவி, அதில் தோன்றும் நெகட்டிவிலிருந்து காகிதத்தில் பிரிண்ட் போடுவதற்கான, வெளிச்சம் புகாத அறை. நெருக்கடியான அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழ்பவர் இதைத் தம் வீட்டில் அமைப்பது எளிதன்று. ஒளியும் நிழலும் இடம் மாறிப் பதிந்திருக்கும் நெகட்டிவை என்லார்ஜர் என்னும் கருவியில் பொருத்தி, அதன் பிம்பத்தை ஒளியுணர் காகிதத்தின்மேல் சில வினாடிகள் விழச் செய்ய வேண்டும். எத்தனை வினாடி என்பதைக் கண்டறியக் காகிதத்தின் ஒரு சிறு துண்டை எடுத்து, அதை அட்டையால் மறைத்து, ஐந்து வினாடிக்கு ஒருமுறை அட்டையைச் சிறிது சிறிதாக நகர்த்தினால், படத்தை வெளிக்கொணரும் டெவலப்பர் கரைசலில் இட்டதும் அத்துண்டு வெளிர்சாம்பலிலிருந்து கருமைவரை பட்டை பட்டையாகத் தோன்றும்; அவற்றுள் முகத்தின் தோலும் சட்டையின் மடிப்பும் ஒருசேரத் தெரியும் பட்டை எதுவோ, அதற்குரிய நேரமே சரியான நேரம். முகம் மட்டும் மிகக் கறுத்துவிடும் எனத் தோன்றினால், ஒளி விழும்போது அவ்விடத்தின் மேலாகக் கையை அசைத்து அங்கு விழும் ஒளியைக் குறைப்பர். பின்பு டெவலப்பரில் தோன்றிய படம் மேலும் கறுக்காதிருக்க ஓர் அமிலக் கரைசலிலும், நிலைத்து நிற்க ஹைப்போ என்னும் கரைசலிலும் மூழ்கவைத்து, நீரில் நன்கு அலசிக் காயவிடுவர். இவ்வளவையும் ஒருவர் நூலைப் படித்தே தெரிந்துகொள்ளலாம் என்பது உண்மைதான். ஆயினும் பக்கத்துத் தட்டில் மற்றொருவரின் படம் மெல்ல எழுந்துவருவதையும், அவர் அதில் நிறைவடையாமல் மீண்டும் ஒரு தாளை எடுப்பதையும் காண்பவர் பெறும் பயிற்சி நூலில் கிடைப்பதன்று.

ஒளியளவைப் பற்றிய பாடமும் வெறும் கணக்காக நின்றுவிடுவதில்லை. லென்ஸின் வழியே ஒளி புகும் துளையான அப்பர்ச்சரின் எண்ணை 8இலிருந்து 11க்கு மாற்றினால் உட்புகும் ஒளி பாதியாகும். அதை ஈடுசெய்ய, துளை திறந்திருக்கும் நேரத்தைக் கட்டுப்படுத்தும் ஷட்டரை நூறில் ஒரு வினாடியிலிருந்து ஐம்பதில் ஒரு வினாடிக்குத் தாழ்த்த வேண்டும். துளை சிறுத்தால் அண்மையும் சேய்மையும் ஒருங்கே தெளிவுபெறும். ஆனால் ஷட்டரின் வேகம் குறைந்ததால் ஓடும் சிறுவனின் உருவம் கலங்கும். சிறுவனின் ஓட்டம் முக்கியமா, அவனுக்குப் பின்னே நிற்கும் தெருவும் தெளிவாகத் தெரிவது முக்கியமா என்று முடிவு செய்யாமல் இந்த எண்களைத் தேர்ந்தெடுக்க முடியாது என்பதால், கருவிப் பாடம் இங்கே பொருளைப் பற்றிய பாடமாகிவிடுகிறது.

எனவேதான் லீக்கின் பள்ளி மாணவர்களை நகரின் ஏதேனும் ஒரு பகுதியைத் தேர்ந்துகொண்டு அங்கேயே திரும்பத் திரும்பப் படமெடுக்கச் செய்தது. பதின்பருவம் கடக்காத வயதில் சேர்ந்த வால்டர் ரோசன்ப்ளம், 1938இல் கீழ்க்கிழக்குப் பகுதியின் பிட் தெருவைத் தம் பொருளாகக் கொண்டார். நடனக் கலைஞரான ரெபெக்கா லெப்காஃப், 1939ஆம் ஆண்டின் உலகக் கண்காட்சியில் ஆடிப்பெற்ற ஊதியத்தில் கேமரா வாங்கி, தாம் பிறந்து வளர்ந்த அதே பகுதியின் தெருக்களைப் பின்னாளில் படங்களாக்கினார். கண்ணாடித் தொழிற்கூடத்தில் வலக்கை காயமுற்றதால் வேறு பிழைப்புத் தேடிய ஆர்தர் லைப்சிக் இப்பள்ளியில் சேர்ந்தார். பதினாறாம் நூற்றாண்டின் ஃபிளெமிஷ் ஓவியர் புரூகல் வரைந்த சிறுவர் விளையாட்டுகள் ஓவியத்தால் தூண்டப்பெற்று, 1943இல் நியூயார்க் சிறுவர்களின் தெருவிளையாட்டுகளைத் தொடர்வரிசையாகப் படமெடுத்தார். தமக்குப் பழகிய தெருவை அந்நியர்போல் கூர்ந்து பார்க்கக் கற்றதே இவர்கள் மூவரும் பெற்ற கல்வி.

பழகாத தெருவுக்குச் செல்லும்போது நேரும் இடரையும் லீக்கின் வரலாறு காட்டுகிறது. பள்ளி ஆசிரியராகப் பணியாற்றிவந்த ஆரன் சிஸ்கிண்டின் தலைமையில் ஒரு குழு, கறுப்பினச் சமூகவியலாளர் மைக்கேல் கார்ட்டரின் துணையோடு, கறுப்பின மக்கள் மிகுதியாக வாழ்ந்த ஹார்லெம் பகுதியைப் பற்றிய ‘ஹார்லெம் ஆவணம்’ என்னும் திட்டத்தை 1936க்குப் பின் சில ஆண்டுகள் நடத்தியது. படங்கள் அக்கறையோடு எடுக்கப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆனால் எடுத்தவர்கள் ஏறக்குறைய அனைவரும் வெள்ளையர். ஹார்லெமின் வறுமையும் நெரிசலும் அழுந்தப் பதிந்த அளவுக்கு அங்குச் செழித்திருந்த கலைவாழ்வும் நடுத்தர வாழ்க்கையும் பதியவில்லை என்னும் விமரிசனம் பிற்காலத்தில் எழுந்தது. அது ஏற்கத்தக்க விமரிசனமே; சமூக வகுப்புகளை நடத்துவோர் இன்றும் மனத்தில் இருத்த வேண்டியது.

கூடியிருந்து படங்களை ஆராயும் அமர்வே இப்பள்ளியின் உயிர்நிலை. கிராஸ்மன் கடுமையான ஆசிரியர் எனப் பெயர் பெற்றவர்; தொழில்நுட்பத்தில் குறையற்ற படமானாலும் அதை எடுத்தவருக்கு அதில் என்ன ஈடுபாடு என்று துருவுவார். இன்று கைப்பேசியே ஒளியளவைக் கணித்துக் குவியத்தையும் சரிசெய்துவிடுவதால், வயதுவந்தோர் வகுப்புக்கு இனித் தேவையில்லை என எண்ணுவோர் உண்டு. கருவி தானே செய்துகொள்ளும் பகுதி பாடத்தின் எளிய பகுதி மட்டுமே. எடுத்த நூறு படங்களுள் தொண்ணூற்றைந்தைத் தள்ளிவிட்டு எஞ்சியவற்றுக்குக் காரணம் சொல்லும் பயிற்சிக்கு இன்னமும் ஆசிரியரும் உடன்மாணவரும் வேண்டும்.

இத்தகைய பொது இருட்டறை நியூயார்க்குக்கு வெளியேயும் இருந்தது. சிகாகோவில் 1940இல் இயங்கத் தொடங்கிய சவுத் சைடு சமூகக் கலைமையம், அரசு உதவியால் அக்காலத்தில் நாடெங்கும் தோன்றிய நூற்றுக்கும் மேற்பட்ட மையங்களுள் ஒன்று. கறுப்பின மக்கள் நிதி திரட்டி உருவாக்கிய அம்மையத்தின் இருட்டறையைப் பயன்படுத்திக்கொண்டவர்களுள் ஒருவர், ரயிலின் உணவுப் பெட்டியில் பரிசாரகராக முன்பு வேலை செய்தபடியே அடகுக் கடையில் ஒரு கேமராவை வாங்கித் தாமாகவே கற்றுவந்த கார்டன் பார்க்ஸ். அங்கிருந்து எடுத்த படங்களைக் கொண்டு 1942இல் ரோசன்வால்ட் உதவித்தொகை பெற்ற அவர், பின்னர் ‘லைஃப்’ இதழின் முதல் கறுப்பின ஒளிப்படப் பணியாளரானார். சவுத் சைடு மையம் இன்றும் நிலைத்திருக்கிறது.

ஃபோட்டோ லீக்குக்கு அந்நற்பேறு வாய்க்கவில்லை. 1947 டிசம்பரில் அமெரிக்கத் தலைமை வழக்கறிஞர் டாம் கிளார்க் வெளியிட்ட, நாட்டுக்கு ஊறு விளைவிக்கும் அமைப்புகளின் பட்டியலில் அதன் பெயர் இடம்பெற்றது. உறுப்பினர் சிலருக்குப் பொதுவுடைமைக் கட்சியோடு தொடர்பு இருந்தது உண்மையே. ஆயினும் விசாரணையின்றி, தன் தரப்பைச் சொல்ல வாய்ப்பும் பெறாமல், ஒரு மாலைநேரப் பள்ளி நாட்டின் எதிரியாக்கப்பட்டது பெரும் அநீதி. 1949இல் உளவுத்துறைக்குத் தகவல் தந்துவந்த ஓர் உறுப்பினர் நீதிமன்றத்தில் கிராஸ்மனின் பெயரைக் கூறியபின், வேலை பறிபோகும் என்ற அச்சத்தால் பலர் விலகினர். 1951இல் லீக் கலைக்கப்பட்டது. கிராஸ்மன் தம் வீட்டிலேயே வகுப்புகளைத் தொடர்ந்து, 1955இல் தமது 42ஆம் வயதில் காலமானார். இரண்டாம் உலகப்போரில் நார்மண்டி கடற்கரைத் தரையிறக்கத்தைப் படமெடுத்துத் திரும்பிய ரோசன்ப்ளம், புரூக்ளின் கல்லூரியில் பல பத்தாண்டுகள் ஒளிப்படம் கற்பித்தார்.