பொதிகளின் பிணக்கு

கண்டியிலிருந்து யாழ்ப்பாணம் செல்லும் நெடுஞ்சாலையில், புளியங்குளத்தைக் கடந்து மாங்குளத்தை அடையுமுன் வருவது கனகராயன்குளம். இத்தகைய வன்னிக் குளங்களின் கீழ் நெல் விதைப்போர் முன்கூட்டியே கூடிப் பேசுவது வழக்கம். துருசு திறக்கும் நாள், மூடும் நாள், எத்தனை மாத நெல் என்பன அங்கே முடிவாகும். மூன்றரை மாத நெல் என்று முடிவான பின் ஒருவர் மட்டும் நான்கரை மாத நெல்லை விதைப்பாராயின், அண்டை வயல் அறுவடைக்குக் காயவேண்டிய வேளையில் அவர் வயல் தண்ணீர் கேட்கும். நெல்லில் குற்றமில்லை, வாய்க்கால் ஒன்றாயிருப்பதே தொல்லை.

லினக்ஸ் கணினியைப் புதிய பதிப்புக்கு உயர்த்தும்போது தோன்றும் பொதிப் பிணக்கும் இவ்வகையினதே. லினக்சில் ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாக வந்து சேர்கிறது. தனக்கு வேண்டிய அனைத்தையும் அது தானே சுமந்து வருவதில்லை. பலவற்றுக்கும் பொதுவான நிரலகங்களை நம்பி நிற்கும். எது வேண்டும், எதனோடு ஒவ்வாது என்ற விவரம் பொதியிலேயே எழுதப்பட்டிருக்கும். 1993ஆம் ஆண்டில் இயன் மர்டொக் தொடங்கிய டெபியனிலும், அதன் வழிவந்த உபுண்டுவிலும், ‘ஆப்ட்’ என்னும் கருவி இவ்விவரங்களை ஒப்புநோக்கிய பின்னரே பொதிகளை நிறுவும்.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 1970 ஜனவரி 1 முதல் வினாடிகளை எண்ணி, அவ்வெண்ணை 32 பிட்டுக்குள் அடக்கும் கணினிகளில், 2038 ஜனவரி 19 அன்று இடம் நிரம்பிவிடும். அதனைத் தவிர்க்க, 2024 ஏப்ரலில் வெளிவந்த உபுண்டு 24.04இலும், 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13இலும் நூற்றுக்கணக்கான நிரலகப் பொதிகள் ‘டி64’ என்ற ஈறு பெற்றுப் பெயர் மாறின. பழையதும் புதியதும் ஒரே கோப்பை ஒரே இடத்தில் வைப்பவை. ஆகவே ஒன்று வந்தால் மற்றது விலகவேண்டும். 64 பிட் கணினிகளில் புதியது பழைய பெயருக்கும் மறுமொழி சொல்லுமாறு அமைக்கப்பட்டதால் பெரும்பாலும் இடரில்லை. ஆயினும் வெளியிலிருந்து கொணர்ந்து நிறுவிய பொதியொன்று பழைய பதிப்பையே வேண்டி நின்றால், ஆப்ட் கைவிரித்துவிடும்.

இங்கேதான் பலர் இடறுகின்றனர். ஆப்ட் தரும் ‘நீக்கப்படுபவை’ என்ற பட்டியலைப் படியாமல் ‘ஆம்’ என்று விடையளித்தால், திரைச்சூழல் முழுவதுமே நீங்கிப்போகலாம். தடையை வலிந்து மீறும் கட்டளையோ இன்னும் கேடானது. ஆப்டின் மறுப்பு கணினியைக் காக்கும் மறுப்பே ஆகும்.

செய்யத்தக்கது, ஆவணங்களை வேறிடத்தில் படியெடுத்துவிட்டு, பிழைச்செய்தி சுட்டும் பொதி எங்கிருந்து வந்தது என்று காண்பது. வெளிப் பொதியாயின் அதனை நீக்கி, அதன் களஞ்சியத்தையும் நிறுத்திவைத்தல் வேண்டும். முன்பு எவரேனும் ஒரு பொதியை ‘மாற்றாதே’ என்று பூட்டியிருந்தால் அப்பூட்டையும் திறத்தல் வேண்டும். பிறகு முறிந்தவற்றைச் சீர்செய்யும் கட்டளையை ஆப்டுக்கு இட்டால், அநேகமாகச் சிக்கல் அவிழும்.

நடுவழியில் மின்சாரம் நின்றுபோவது வேறொரு தொல்லை. 2022ஆம் ஆண்டின் நீண்ட மின்வெட்டுகளை இலங்கையில் மறந்தவர் இல்லை. பாதி அமைந்த பொதிகள் அப்போது எஞ்சும். ஆப்டுக்கு அடித்தளமான ‘டிபிகேஜி’ என்ற கருவியிடம், அரைகுறையாய் நின்றவற்றை அமைத்து முடிக்குமாறு முதலில் பணித்தல் வேண்டும்.

வெளிப் பொதி இன்றியமையாததாயும், புதிய பதிப்புக்கென இன்னும் ஆக்கப்படாததாயும் இருந்தால், உயர்த்துதலையே தள்ளிப்போடலாம். டெபியன் 12க்கான நீண்டகாலப் பாதுகாப்பு ஆதரவு 2028 ஜூன் வரை அறிவிக்கப்பட்டுள்ளது.