உப்புநீருக்கு மேலே ஓர் ஓடாத வண்டி

செவ்வாயில் தண்ணீர் உண்டா என்ற பட்டிமன்றம் ஒரு பக்கம் நடக்கட்டும். அதற்கு அப்பால் சுற்றும் சீரிஸ் குறுங்கோளில், 940 கிலோமீட்டர் குறுக்களவே உள்ள அந்தச் சின்ன உருண்டைக்குள், உப்புநீர் தேங்கிக் கிடக்கிறது. வெளியேயும் கசிந்திருக்கிறது.

2015 மார்ச்சில் டான் விண்கலம் அங்கே போய்ச் சேர்ந்தபோது ஆக்கேட்டர் பள்ளத்தில் வெள்ளைத் திட்டுகள் கண்ணைப் பறித்தன. பனியாக இருக்கும் என்றே பலரும் நினைத்தார்கள். ஆராய்ந்தால், பெரும்பகுதி சோடியம் கார்பனேட். நம் வீட்டுச் சலவைச் சோடாதான்! உப்பளத்துப் பாத்தி வற்றினதுபோல, கீழிருந்து வந்த நீர் ஆவியாகி உப்பு மட்டும் தங்கிவிட்டது. பள்ளத்துக்கு வயது சுமார் 2 கோடி ஆண்டு. நடுவிலுள்ள வெள்ளைப் படிவுக்கோ 20 லட்சம் ஆண்டுகூட ஆகவில்லை. பள்ளத்தை உண்டாக்கிய மோதலின் சூட்டில் உருகிய பனிதான் இது என்பவர்களும் உண்டு. ஆனால் அந்தச் சூடு அவ்வளவு காலம் தாங்காது.

2018-ல் டான் 35 கிலோமீட்டர் உயரம்வரை தாழப் பறந்து தந்த தரவுகள் இன்னும் சுவையானவை. 2020-ல் வெளியான ஆய்வுகளின்படி, அங்கே நீரோடு பிணைந்த சோடியம் குளோரைடு இருக்கிறது. அந்த நீர் சில நூறு ஆண்டுகளுக்குள் பறந்துவிடக்கூடியது. அப்படியானால் கசிவு இன்னும் ஓயவில்லை என்றுதானே பொருள்? சுமார் 40 கிலோமீட்டர் ஆழத்தில், பல நூறு கிலோமீட்டர் அகலத்துக்கு உப்புநீர்த் தேக்கம் இருப்பதாக ஈர்ப்பு அளவீடுகள் காட்டுகின்றன. சுமார் 4 கிலோமீட்டர் உயரமுள்ள அகுனா மலையும் உப்புச் சேறு பிதுங்கி எழுந்ததுதான் என்கிறார்கள். எர்னூட்டட் பள்ளத்தருகே கரிமச் சேர்மங்களும் 2017-ல் தென்பட்டன. நீர், உப்பு, கரிமம் மூன்றும் ஒரே குறுங்கோளில்!

எனக்குக் கவலை தருவது டான்தான். 2018 அக்டோபர் இறுதியில் எரிபொருள் தீர்ந்து ஊமையான அந்தக் கலம், சுமார் 20 மீட்டர் நீளச் சூரியத் தகடுகளோடு இன்னும் சீரிஸைச் சுற்றிக்கொண்டிருக்கிறது. பூமியின் நுண்ணுயிர் ஏதாவது தொற்றிவிடக் கூடாதே என்றுதான் அதைத் தரையில் விழவிடாமல் பாதையிலேயே விட்டார்கள். குறைந்தது 20 ஆண்டு விழாது என்பது விதி. 50 ஆண்டு தாங்கும் என்பது 99 சதவீத நம்பிக்கை. கோடிக்கணக்கான ஆண்டுக் கதையைப் படிக்க 50 ஆண்டு போதுமா? விழுந்தபின் அங்கே ஓர் உயிரணு கிடைத்தால், அது சீரிஸுடையதா நம்முடையதா என்று யார் சொல்வது?

நன்கு தூய்மைப்படுத்திய ஒரு கலம், டான் விழுவதற்கு முன்னரே ஆக்கேட்டரில் இறங்கி, அந்த உப்பை அள்ளிவர வேண்டும். திட்டம் போடுவதற்கே பத்து, பதினைந்து ஆண்டு பிடிக்கும் வேலை இது, இப்போதே தொடங்குங்கள்.