சிப்பில் குடியேறும் வைரஸ்

விதைநெல்லில் நோய் இருந்தால் வயலை எத்தனை முறை உழுதாலும் பயனில்லை. பெரும்போகத்தில் கண்ட நோய் சிறுபோகத்திலும் தலைகாட்டும். கணனிக்கும் இத்தகைய நோய் ஒன்று உண்டு. கடன் சங்கக் கணக்கு, முன்பள்ளிப் பதிவு, பங்கின் ஞானஸ்நானப் பதிவேட்டின் பிரதி எனப் பலவற்றையும் இன்று ஒரே கணனியில் வைத்திருக்கிறோம். ஆகவே இதனை நாம் அறிந்திருப்பது அவசியம்.

கணனியின் மதர்போட்டில் சிறிய சிப் ஒன்று உள்ளது. ஆளியை அழுத்தியதும் முதலில் இயங்குவது அதில் பதிந்துள்ள நிரலே. பழைய கணனிகளில் இதனைப் பயோஸ் என்றும், புதியவற்றில் யூ.ஈ.எவ்.ஐ. என்றும் அழைப்பர். விண்டோஸ் இருப்பது வன்தட்டில். இந்நிரல் இருப்பது சிப்பில். எனவே விண்டோஸை மீண்டும் பதிந்தாலும், வன்தட்டையே மாற்றினாலும், சிப்பில் உள்ள வைரஸ் அகலாது.

1998இல் தைவானில் ஒரு மாணவர் எழுதிய சி.ஐ.எச். வைரஸ், 1999 ஏப்ரல் 26ஆந் திகதி பல நாடுகளில் கணனிகளை முடக்கியது. அது வன்தட்டின் தொடக்கப் பகுதியை அழித்ததோடு, சில கணனிகளில் பயோஸையும் சிதைத்தது. அது சிப்பைக் கெடுத்ததேயன்றி அங்கே தங்கவில்லை. சிப்பிலேயே தங்கும் லோஜாக்ஸ் என்பதை ஈசெற் நிறுவனம் 2018இல் வெளிப்படுத்தியது. அதன் இலக்கு அரச நிறுவனங்களாகும்.

இவ்வகை வைரஸ் மிக அரிது. சுத்தம் செய்த கணனியில் வைரஸ் மீண்டும் வந்தால், பெரும்பாலும் அதனைக் கொண்டுவருவது நாம் செருகும் பென் டிறைவே. முதலில் அதனைச் சோதிக்க வேண்டும். "மதர்போட்டை மாற்ற வேண்டும்" என்று எவரேனும் சொன்னவுடன் சங்கப் பணத்தை எடுத்துக் கொடுத்துவிடலாகாது. சிப்பில்தான் வைரஸ் என்ற சந்தேகம் வலுத்தால் பின்வரும் ஒழுங்கில் செயற்படலாம்.

1. இணையத் தொடர்பைத் துண்டித்து, ஆவணங்களை மட்டும் வேறொரு தட்டில் பிரதி எடுக்கவும். அவற்றை வைரஸ் சோதனை செய்த பின்னரே மீண்டும் பயன்படுத்தவும்.

2. மதர்போட்டின் மாதிரி இலக்கத்தைக் குறித்து, அதற்குரிய புதிய பயோஸ் கோப்பைத் தயாரிப்பாளரின் இணையத்தளத்திலிருந்து நல்ல கணனியொன்றின் மூலம் பெறவும். வேறு இடங்களிலிருந்து பெற வேண்டாம்.

3. தயாரிப்பாளர் கூறும் முறைப்படி அதனைச் சிப்பில் பதியவும். இடையில் மின்சாரம் நின்றால் கணனி இயங்காமற் போகலாம். எனவே யூ.பி.எஸ். இணைத்தே இதனைச் செய்ய வேண்டும். மடிக்கணனியாயின் மின்கலம் நிறைந்திருக்க வேண்டும்.

4. அதன் பின்னரே வன்தட்டை முழுவதுமாக அழித்து விண்டோஸைப் பதியவும். இந்த ஒழுங்கு மாறினால் உழைப்பு வீணாகும்.

5. இதுவும் பலிக்காவிடில், தேர்ந்த திருத்துநர் வெளிக்கருவி மூலம் சிப்பை நேரடியாக எழுதலாம். மதர்போட்டை மாற்றுவது இறுதி வழியாகும்.

வருமுன் காக்கவும் வழி உண்டு. புதிய கணனிகளில் 'செக்கியுவர் பூட்' என்னும் வசதியை இயங்க விடுங்கள். பயோஸுக்குக் கடவுச்சொல் இடுங்கள். அன்பளிப்பாகவோ பாவித்ததாகவோ கிடைக்கும் கணனிக்கு, வேலையைத் தொடங்குமுன்னரே புதிய பயோஸைப் பதிவது நன்று.

எல்லாவற்றிலும் மேலாக, மாதந்தோறும் கணக்குகளைப் பிரதி எடுத்து வேறொரு கட்டடத்தில் பாதுகாத்து வையுங்கள். கணனியை மீண்டும் வாங்கலாம். ஏழைத் தாய்மார் சிறுகச் சிறுகச் சேமித்த பணத்தின் கணக்கை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.