சோழியில் கணித்த கிரகணம்

தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டியில் சூரியன் புதுச்சேரியைவிடச் சுமார் ஏழு நிமிடம் பிந்தி உதிக்கிறது. இரண்டு ஊர்களும் 12 பாகை அட்சரேகையை ஒட்டியே இருப்பதால் வருஷம் முழுக்க இந்த வித்தியாசம் பெரிதாக மாறுவதில்லை. பங்குனியிலும் புரட்டாசியிலும் பகலும் இரவும் சமமாக இருக்கும் நாளில் 12 அங்குலக் குச்சி ஒன்றை நட்டு வைத்தால், உச்சிவேளையில் இரண்டு ஊரிலும் நிழல் இரண்டரை அங்குலத்துக்குச் சற்றுக் கூடுதலாக விழும். ஆகவே இருநூறு ஆண்டுகளுக்கு முன் புதுச்சேரியில் ஒருவர் தரையில் சோழிகளைப் பரப்பிக் கணித்த சந்திர கிரகணத்தைப் பாப்பாரப்பட்டிக்கு மாற்றுவது சுலபம். உதயத்திலிருந்து எண்ணும் நாழிகைக் கணக்கில் ஏறக்குறைய 18 விநாழிகையைக் (ஒரு விநாழிகை 24 விநாடி) கழித்தால் போதும்.

அந்தக் கிரகணம் 1825 மே 31-ஆம் தேதி இரவு பிடித்தது. கணித்தவர் புதுச்சேரியில் இருந்த ஒரு பஞ்சாங்கக்காரர். அவர் கணித்துக் காட்டியதைப் பதிவு செய்தவர் ஜான் வாரன். பிறப்பால் பிரெஞ்சுக்காரர், வேலையால் ஆங்கிலேயரின் நில அளவையாளர், சில ஆண்டுகள் சென்னை வானாய்வகத்தின் பொறுப்பாளர். தென்னிந்தியக் காலக்கணக்கைப் பற்றி அவர் எழுதிய 'காலசங்கலித' அதே 1825-இல் சென்னையில் வெளியானது.

பஞ்சாங்கக்காரரிடம் காகிதமும் இல்லை, பேனாவும் இல்லை. சோழிகள் அன்றைய கணக்கில் வந்து போகும் எண்களைத் தாங்கின. நிலையான அட்டவணைகளெல்லாம் அவர் மனப்பாடத்தில் இருந்தன. எண்களை எப்படி மனப்பாடம் செய்வது? சங்கீதம் தெரிந்தவர்களுக்கு இந்த உத்தி பழக்கமானதுதான். 'தீரசங்கராபரணம்' என்ற பெயரின் முதல் எழுத்துக்கு 9, இரண்டாவதற்கு 2. திருப்பிப் படித்தால் 29, அதுவே அந்த மேளத்தின் எண். கடபயாதி என்னும் இந்த முறையில், சந்திரன் இருக்கும் இடத்தைச் சொல்லும் 248 சிறு வாக்கியங்கள் இயற்றப்பட்டிருந்தன. நாளுக்கு ஒன்று. வாக்கியப் பஞ்சாங்கம் என்ற பெயரே அதிலிருந்து வந்ததுதான்.

அதென்ன 248? சந்திரன் பூமிக்கு மிக அருகே வந்து, விலகி, மறுபடி அருகே வர 27 நாளும் அரை நாளுக்குச் சற்று மேலும் ஆகிறது. அருகே இருக்கையில் வேகமாக ஓடும்; தொலைவில் மந்தமாக நகரும். இப்படி ஒன்பது சுற்று முடிந்தால், பின்னம் மிச்சமில்லாமல் ஏறத்தாழ 248 நாள். பிறகு வேகத்தின் ஏற்ற இறக்கம் முதலிலிருந்து திரும்புகிறது. எனவே கலியுகத் தொடக்கத்திலிருந்து கழிந்த நாள்களை எண்ணி, அதிலிருந்து 12,372, 3,031, 248 என்ற பெரிய சிறிய சுழற்சிகளை வரிசையாகக் கழித்துக்கொண்டே போக வேண்டும். கழித்த ஒவ்வொரு சுழற்சிக்கும் கூட்ட வேண்டிய பாகை இவ்வளவென்று ஒரு நிலையான எண் உண்டு. கடைசியில் மிஞ்சும் நாள் எண்ணே எந்த வாக்கியத்தைச் சொல்ல வேண்டும் என்பதைக் காட்டும். சூரியனுக்கும் ராகுவுக்கும் தனித்தனிக் கணக்குகள் இருக்கின்றன, அவற்றை விட்டுவிடுவோம்.

வாரன் வியந்த செய்தி ஒன்று உண்டு. அந்த மனிதருக்கு வானியல் கோட்பாடு எதுவுமே தெரியாது; அபாரமான ஞாபகசக்தி மட்டும் இருந்தது. விதி சொன்ன வரிசையில் சோழியை வைத்தார், எடுத்தார், விடை வந்தது. கிரகணத் தொடக்கத்தில் பிழை 4 நிமிடம், நடுவில் 23, முடிவில் 52. நூல் எதையும் பிரிக்காதவருக்கு இது மோசமில்லை, ஆனால் பிரமாதமும் இல்லை. அதற்கு முன்பே, 1769-இல் வெள்ளி சூரியனைக் கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரி வந்து மேகத்திடம் தோற்றுப்போன லெ ஜென்டீல் என்ற பிரெஞ்சு வானியலாளரும், தமிழர்கள் சோழி வைத்துக் கணிக்கும் வேகத்தைப் பாராட்டி எழுதினார். 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில், அவர் கற்ற தமிழ்முறைக் கணக்கு 41 விநாடிதான் குறைந்தது. ஐரோப்பாவின் மிகச் சிறந்த அட்டவணைகளில் ஒன்றான டோபியாஸ் மாயருடையது 68 விநாடி மிகைத்தது.

உடனே 'கணினி தமிழன் கண்டுபிடிப்பு' என்று வாட்ஸ்அப்பில் பரப்பத் தோன்றும். பொறுங்கள். 248 நாள் சுழற்சி பாபிலோனியக் களிமண் ஏடுகளிலும், எகிப்தில் கிடைத்த கிரேக்கப் பாப்பிரஸ் சுவடிகளிலும் இருக்கிறது. நம்மவர் பெருமை வேறு: அதை மனத்தில் சுமந்து, 19-ஆம் நூற்றாண்டிலும் ஓட்டிக் காட்டினார்கள்.

சோழிகள் புதுச்சேரியில் நகர்ந்த அதே ஆண்டுகளில் லண்டனில் சார்லஸ் பாபேஜ் பித்தளைச் சக்கரங்களோடு போராடிக்கொண்டிருந்தார். 1821-இல் நண்பர் ஹெர்ஷலுடன் வானியல் அட்டவணைகளைச் சரிபார்த்தபோது பிழை மேல் பிழை கண்டு, இதை நீராவி கணிக்கக் கூடாதா என்று சலித்துக்கொண்டார். அப்படிப் பிறந்தது வித்தியாசப் பொறி. 1, 4, 9, 16 என்ற வர்க்கங்களின் இடைவெளி 3, 5, 7. அவற்றின் இடைவெளி எப்போதும் 2. அந்த 2-ஐக் கூட்டிக்கொண்டே போனால் பெருக்கலே இல்லாமல் வர்க்க அட்டவணை தயார். கூட்டல் மட்டும் தெரிந்த இயந்திரம், எதையும் புரிந்துகொள்ள வேண்டியதில்லை. புதுச்சேரிக்காரரின் நிலையும் கிட்டத்தட்ட இதேதான். பாபேஜுக்கு 1824-இல் லண்டன் வானியல் கழகத்தின் தங்கப் பதக்கத்தை வழங்கிப் பேசிய தலைவர், இந்தியாவில் முப்பது ஆண்டு வாழ்ந்து பிரம்மகுப்தரையும் பாஸ்கரரையும் மொழிபெயர்த்த கோல்புரூக். வாரனின் நூல் அடுத்த ஆண்டுதான் வந்தது.

பாபேஜின் பணி 1833-இல் நின்றது. அதற்குள் அரசின் 17,000 பவுனுக்கு மேல் கரைந்திருந்தது. அவருடைய இரண்டாவது வரைபடத்தைக் கொண்டு லண்டன் அறிவியல் அருங்காட்சியகம் 1991-இல் பொறியின் கணக்கிடும் பகுதியைக் கட்டி முடித்தது. அது சரியாகவே கணக்கிட்டது.

பாபேஜுக்கு இன்னொரு பயமும் இருந்தது. இயந்திரம் சரியாகக் கணித்தாலும் அச்சுக்கோப்பவர் எண்ணை மாற்றிவிடுவாரே! அதனால் பொறியே அச்சுக்கான பதிவையும் செய்ய வேண்டும் என்றார். வாக்கியக்காரர்களும் இதே பயத்தை அறிந்தவர்கள்தான் போலும். வாக்கியங்கள் வெறும் ஒலிக்குவியல் அல்ல, பொருள் உள்ளவை. ஓர் எழுத்துப் பிசகினால் பொருள் கெடும், எண் கெட்டது தெரிந்துவிடும். ஆனால் எண்ணையே மேம்படுத்த வேண்டுமென்றால் வாக்கியத்தைப் புதிதாக இயற்றியாக வேண்டும். 14-ஆம் நூற்றாண்டில் பிறந்த கேரளத்துச் சங்கமகிராம மாதவர் 248 வாக்கியங்களையும் விகலை (பாகையில் 3,600-இல் ஒரு பங்கு) வரை துல்லியமாக அப்படித்தான் திரும்ப எழுதினார்.