ஐபேடா, ஏராவா? குட்டி விமானத்துல ஜி.பி.எஸ் மாட்டுறது அவ்ளோ ஈஸி இல்ல பாஸ்!

பைக் ஹேண்டில்பார்ல ஹோல்டர் மாட்டி, மேப் பார்த்துக்கிட்டே வண்டி ஓட்டுற ஆளா நீங்க? நானும்தான். ஒருநாள் ஸ்பீட் பிரேக்கர்ல வண்டி ஒரு தூக்கு தூக்கினதுல போன் கழன்று ரோட்டில் விழுந்தது. ஓரமா நிறுத்தினேன், பொறுக்கினேன், உடைஞ்ச ஸ்கிரீனைப் பார்த்துப் பெருமூச்சு விட்டுட்டுக் கிளம்பினேன். அவ்ளோதான் நஷ்டம்.

இதே சம்பவம் 5,000 அடி உயரத்துல, ஒரு குட்டி விமானத்துக்குள்ள நடந்தா? அங்கே ஓரமா நிறுத்த வழியில்லை. கழன்று விழுந்த ஸ்கிரீன், பைலட்டோட கால் பக்கம், அதாவது பெடல்கள் இருக்கிற இடத்துக்குத்தான் உருண்டு போகும்.

அமெரிக்காவில் குட்டி விமானம் ஓட்டுவது பலருக்கு வீக்எண்ட் பொழுதுபோக்கு. சொந்தமா வாங்குறவங்க உண்டு, கிளப்பில் மணிக்கணக்குக்கு வாடகைக்கு எடுப்பவர்களும் உண்டு. அங்கே நம்ம ஊர் ஸ்பிளெண்டர் மாதிரி எங்கேயும் கண்ணில் படும் மாடல், செஸ்னா 172. 1956-ல் விற்பனைக்கு வந்தது, இதுவரை 44,000-க்கும் மேல் தயாரித்திருக்கிறார்கள். உலகில் இவ்வளவு எண்ணிக்கையில் தயாரான விமானம் வேறு இல்லை. நான்கு பேர் உட்காரலாம். ஆனா கேபினோட அகலம் சுமார் ஒரு மீட்டர்தான். பக்கத்து சீட்காரர் தோள் உங்க தோளில் இடிக்கும். நம்ம ஊரிலிருந்து பைலட் பயிற்சிக்கு அமெரிக்கா போறவங்களும் பெரும்பாலும் இந்த மாதிரி ஒற்றை இன்ஜின் விமானத்தில்தான் ஆரம்பிக்கிறாங்க.

இதில் பல விமானங்களுக்கு வயது நாற்பது, ஐம்பது. முன்னாடி இருக்கிற பேனலில் முள் வைத்த வட்ட மீட்டர்கள்தான் இருக்கும், மேப் எல்லாம் இருக்காது. அங்கீகாரம் பெற்ற ஜி.பி.எஸ்-ஐ பேனலுக்குள்ளேயே பொருத்த, கருவி விலை, மெக்கானிக் கூலி எல்லாம் சேர்ந்து பல ஆயிரம் டாலர் ஆகிவிடும். அதனால்தான் கையோடு கொண்டுபோய் மாட்டி, இறங்கும்போது கழற்றிக்கொள்ளும் டச் ஸ்கிரீன் ஜி.பி.எஸ்-க்கு அங்கே அவ்வளவு கிராக்கி. ஒரு விஷயத்தை இங்கேயே சொல்லிடுறேன். இந்தக் கையடக்க ஜி.பி.எஸ் ஒரு துணைதான். மேகத்துக்குள் புகுந்து, வெளியே எதுவும் தெரியாமல் கருவிகளை மட்டும் நம்பிப் பறக்கும்போது, வழிகாட்ட இதை மட்டும் நம்ப சட்டம் அனுமதிப்பதில்லை.

எதை வாங்குறது?

சந்தையில் ரெண்டு கட்சி. ஒன்று, விமானத்துக்கென்றே செய்த கருவி. கார்மின் கம்பெனியின் ஏரா வரிசை இதில் பிரபலம். 2016-ல் வந்த ஏரா 660-க்கு 5 இன்ச் ஸ்கிரீன், 2020-ல் வந்த ஏரா 760-க்கு 7 இன்ச். 760 அறிமுகமானபோது விலை 1,599 டாலர். இன்னொரு கட்சி, ஐபேட். அதில் ஃபோர்ஃப்ளைட் மாதிரி ஓர் ஆப் போட்டு, வருஷத்துக்கு நூறு டாலருக்கு மேல் சந்தா கட்டினால், சார்ட், வானிலை, ஏர்போர்ட் விவரம் எல்லாமே உள்ளங்கையில். கணக்குப் போட்டால் ஐபேட்தான் ஜெயிக்கும். பெரிய ஸ்கிரீன், பழகின விரல், விமானத்தை விட்டு இறங்கினால் வெப் சீரிஸும் பார்க்கலாம்.

ஆனா ஐபேட்டுக்கு ஒரு பரம எதிரி இருக்கு. வெயில். 0-வில் இருந்து 35 டிகிரி செல்சியஸ் வரைதான் அதைப் பயன்படுத்தலாம்னு ஆப்பிளே சொல்லுது. அரிசோனாவின் ஃபீனிக்ஸில் கோடையில் நிழலிலேயே 40 டிகிரியைத் தாண்டும். கண்ணாடிக் கூண்டு மாதிரி இருக்கிற காக்பிட்டுக்குள் எவ்வளவு இருக்கும்னு யோசிங்க. ஸ்கிரீனில் நேராக வெயில் விழுந்து, பக்கத்தில் சார்ஜரும் சூடேற்றினால், ஐபேட் 'நான் கொஞ்சம் ஆறிக்கிறேன்' என்கிற ரீதியில் ஒரு எச்சரிக்கையைக் காட்டிவிட்டு மேப்பை மூடிவிடும். ஏரா மாதிரி கருவிகளின் ஸ்கிரீனோ நேரடி வெயிலிலும் தெரிகிற மாதிரி, காக்பிட் சூட்டையும் மனதில் வைத்துச் செய்தது. அந்தக் கூடுதல் காசு இதற்குத்தான்.

ஐபேட் வாங்குகிற பலர் கோட்டை விடும் இடம் இன்னொன்று. வைஃபை மட்டும் உள்ள மாடலில் ஜி.பி.எஸ் சிப்பே கிடையாது. சிம் போடுகிற மாடலில்தான் இருக்கும். வைஃபை மாடலில் தரையில் மேப் ஜோரா வேலை செய்யும், ஏன்னா அது பக்கத்தில் இருக்கிற வைஃபை சிக்னல்களை வைத்து இடத்தைக் குத்துமதிப்பா கண்டுபிடிக்கும். மேலே போனதும் விமானப் படம் மேப்பில் நகராமல் நிற்கும்போதுதான் விஷயம் புரியும். ஏற்கெனவே வைஃபை ஐபேட் வைத்திருப்பவர்கள், புளூடூத்தில் இணையும் தனி ஜி.பி.எஸ் ரிசீவர் ஒன்றை வாங்கிக்கொண்டால் போதும்.

சைஸ் விஷயத்தில் என் ஓட்டு சின்னதுக்கே. பெரிய சைஸ் ஐபேட் கடையில் பார்க்க கம்பீரமா இருக்கும். ஒரு மீட்டர் கேபினில் அது பாதி பேனலை மறைத்துவிடும். சுமார் 300 கிராம் எடையுள்ள ஐபேட் மினியை பைலட்கள் விரும்புவது சும்மா இல்லை.

எங்கே மாட்டுறது?

உண்மையான தலைவலி இங்கேதான். கருவியைத் தேர்ந்தெடுக்க மாசக்கணக்கில் யூடியூப் ரிவ்யூ பார்ப்பவர்கள், மாட்டுவதற்கு ஐந்து நிமிடம்கூட யோசிப்பதில்லை. ஆனா ஆபத்து என்னவோ மாட்டுற இடத்தில்தான் ஒளிந்திருக்கு.

2014 பிப்ரவரியில் பிரிட்டன் விமானப்படையின் வாயேஜர் விமானம் ஒன்று, ராணுவ வீரர்களை ஏற்றிக்கொண்டு ஆப்கானிஸ்தானுக்குப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் தன்னோட டி.எஸ்.எல்.ஆர் கேமராவை சீட்டின் கைப்பிடிக்கும் கன்ட்ரோல் ஸ்டிக்குக்கும் நடுவே வைத்திருந்தார். சீட்டை முன்னால் நகர்த்தியபோது கேமரா ஸ்டிக்கை முன்பக்கமாக அழுத்திவிட்டது. விமானம் தலைகுப்புற இறங்கி, அரை நிமிடத்துக்குள் 4,400 அடி உயரத்தை இழந்தது. உள்ளே இருந்தவர்கள் கூரையில் போய் மோதினார்கள். நல்லவேளை, அந்தப் பெரிய விமானத்தின் கம்ப்யூட்டர் பாதுகாப்பு அமைப்பு தலையிட்டு, உயிர்ச்சேதம் இல்லாமல் தப்பித்தார்கள். செஸ்னாவில் அப்படித் தலையிட எந்தக் கம்ப்யூட்டரும் இல்லை.

இப்போ செஸ்னாவுக்கு வருவோம். பைலட் முன்னால் கார் ஸ்டீயரிங்கைப் பாதியாக வெட்டின மாதிரி ஒரு கைப்பிடி இருக்கும், பெயர் யோக். இழுத்தால் மூக்கு மேலே, தள்ளினால் கீழே, திருப்பினால் விமானம் அந்தப் பக்கம் சாயும். பலரும் ஜி.பி.எஸ்-ஐ இந்த யோக்கில்தான் கிளாம்ப் போட்டு மாட்டுகிறார்கள். கண்ணுக்கு நேரா இருக்கும், கை எட்டும், விரலும் பழகும். ஆனா யோக் அசையுற பொருள். அதன் தண்டில் கிளாம்ப் மாட்டினால், யோக்கை முழுசாத் தள்ளும்போது கிளாம்ப் பேனலில் முட்டி, அதுக்கு மேல நகராது. திருப்பும்போது ஸ்கிரீனின் மூலை தொடையில் இடிக்கும். சாதாரணமா பறக்கும்போது யோக்கை அவ்வளவு தூரம் நகர்த்தத் தேவை வராது, அதனால் குறை வெளியே தெரியாது. பக்கவாட்டுக் காற்று பலமா அடிக்கும்போது தரையிறங்குகிற கடைசி நொடிகளில்தான் அந்த முழு அசைவும் தேவைப்படும்.

அதனால மாட்டினதும் செய்ய வேண்டிய முதல் வேலை, இன்ஜினை ஸ்டார்ட் பண்ணாமலே சீட்டில் உட்கார்ந்து, பெல்ட் போட்டு, யோக்கை நான்கு திசையிலும் கடைசி வரை நகர்த்திப் பார்ப்பது. சார்ஜர் ஒயர் மாட்டியிருக்கும்போதும் இதைச் செய்யணும். தொங்குற ஒயர் யோக்கைச் சுற்றிக்கொள்வது ரொம்ப சகஜம்.

மறைக்கும் பிரச்னை தனி. 172-ல் மெயின் சுவிட்சும் சாவி துவாரமும் பேனலோட இடது கீழ்ப்பக்கம், யோக்குக்குப் பின்னாடி இருக்கு. ஏதாவது கருகுற வாசனை வந்தால் பைலட்டின் கை முதலில் தேடுவது அந்த மெயின் சுவிட்சைத்தான். அதுக்கு முன்னாடி ஐபேட் நந்தி மாதிரி உட்கார்ந்திருந்தா?

சரி, கண்ணாடியில் ரப்பர் சக்‌ஷன் கப் வைத்து ஒட்டலாமே? கார்ல ஒட்டுறோமே? ஒட்டலாம், ஆனா ஒரு பள்ளிக்கூட அறிவியல் பாடம் குறுக்கே வரும். சக்‌ஷன் கப்பைக் கண்ணாடியோடு அழுத்திப் பிடித்திருப்பது வெளியே இருக்கும் காற்றழுத்தம். 10,000 அடி உயரத்தில் அந்த அழுத்தம் கடல் மட்டத்தைவிட சுமார் 30 சதவிகிதம் குறைவு. குட்டி விமானத்துக்குள் பெரிய விமானம் மாதிரி அழுத்தத்தைச் சரிக்கட்டும் ஏற்பாடு கிடையாது. வெயிலில் ரப்பரும் இளகினால், காலையில் கல்லு மாதிரி ஒட்டின கப் மதியம் 'டொப்'. அதனால் ஒட்டும் முன் கண்ணாடியை நன்றாகத் துடைப்பதும், கழன்றாலும் கீழே விழாதபடி கருவியைச் சின்னக் கயிற்றால் கட்டி வைப்பதும் அவசியம். கண்ணாடின்னு சொன்னேனே தவிர, இந்த விமானங்களில் பெரும்பாலும் இருப்பது அக்ரிலிக் பிளாஸ்டிக். துடைக்கக் கண்ட லிக்விடையும் ஊற்றக் கூடாது, கீறலும் வெடிப்பும் வரும்.

முன் கண்ணாடியின் நடுவில் ஒட்டுவது எனக்குச் சுத்தமா பிடிக்காத யோசனை. மற்ற விமானங்கள் வருவதைப் பார்க்க வேண்டிய இடத்தை மறைப்பது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், 172-ல் காம்பஸ் இருப்பதும் அங்கேதான். கரன்ட், பேட்டரி, சாட்டிலைட் எல்லாம் கைவிட்டாலும் வேலை செய்யும் ஒரே திசைகாட்டி அது. காந்தத்தால் ஒட்டும் ஹோல்டர், ஸ்பீக்கருக்குள் இருக்கும் காந்தம், காந்த மூடி வைத்த ஐபேட் கவர் இவையெல்லாம் அதன் முள்ளைத் திசை திருப்பும். சோதிக்க ஈஸியான வழி இருக்கு. ரன்வேயில் பெரிதாக எழுதியிருக்கும் எண்ணைப் பார்த்திருப்பீங்க. அது காந்தத் திசையைப் பத்தால் வகுத்து முழு எண்ணாக்கியது. 27 என்றால் சுமார் 270 டிகிரி, மேற்கு. ரன்வேயின் நடுக்கோட்டில் விமானத்தை நேராக நிறுத்தி, எல்லாக் கருவியையும் ஆன் செய்து காம்பஸைப் பார்க்கணும். 27-ம் எண் ரன்வேயில் நின்றுகொண்டு காம்பஸ் 300 காட்டினால், ஹோல்டரைக் கழற்றி வேறு இடம் தேட வேண்டியதுதான்.

பக்கவாட்டு ஜன்னல் ஓரம் பரவாயில்லை. ஆனா வெளியேறும் வழியைக் கவனிக்கணும். பைப்பர் செரோக்கி வகை விமானத்துக்கு ஒரே கதவு, அதுவும் வலது பக்கம். இடது சீட்டில் இருக்கிற பைலட் வலது சீட்டைத் தாண்டித்தான் இறங்கணும். நடுவே ஸ்டாண்டும் ஒயரும் வலை பின்னியிருந்தால் அவசரத்தில் கால் சிக்கும்.

தொடையில் பெல்ட் போட்டுக் கட்டிக்கொள்வது எளிமையான வழி. எதையும் மறைக்காது, சூடும் குறைவு. மேப் பார்க்க அடிக்கடி தலையைக் குனிந்து நிமிரணும் என்பதுதான் சிக்கல். மேகத்துக்குள் இருக்கும்போது அப்படிச் செய்தால் உள்காது குழம்பி, நேராகப் போகும் விமானம் சுழலுகிற மாதிரி ஒரு மாயத்தைக் கிளப்பிவிடும். வெளிச்சமான பகலில் மட்டும் பறக்கிறவருக்கு இது பெரிய குறை இல்லை.

பேனலில் துளை போட்டு நிரந்தரமாகவே பொருத்திடலாமேன்னு கை துறுதுறுக்கும். அப்படிச் செய்தால் அது விமானத்தில் செய்யும் மாற்றமாகிவிடும். லைசென்ஸ் உள்ள மெக்கானிக் பார்த்து, விமானத்தின் பதிவுப் புத்தகத்தில் எழுத வேண்டியிருக்கும். வாடகை விமானம் என்றால் பேச்சே இல்லை.

மேலே போன பிறகு

டச் ஸ்கிரீன், ஆடாத இடத்துக்காகக் கண்டுபிடித்தது. காற்று குலுக்கும்போது 'ஜூம்' தொட நினைத்த விரல் 'டெலீட்' மேல் போய் நிற்கும். கட்டை விரலால் ஸ்கிரீனின் ஓரத்தைப் பிடித்து ஊன்றிக்கொண்டு மற்ற விரலால் தொடுவது கொஞ்சம் உதவும். அதனால்தான் பொத்தான் வைத்த பழைய மாடல்களை இன்னும் விடாமல் வைத்திருக்கிறவர்கள் உண்டு. போகிற வழியைத் தரையிலேயே முழுசாப் பதிந்துவிட்டால் மேலே விரலுக்கு வேலை குறையும்.

சார்ஜரில் கஞ்சத்தனம் கூடாது. விலை மலிவான யு.எஸ்.பி சார்ஜர்கள் ரேடியோவில் கரகரப்பைக் கிளப்பி, கன்ட்ரோல் டவர் பேசுவதையே கேட்க விடாமல் செய்யும். பழைய விமானங்கள் பலவற்றில் 14 வோல்ட், பிந்தையவற்றில் 28 வோல்ட். 12 வோல்ட் காருக்கென்று வாங்கினதை 28-ல் சொருகினால் புகைதான்.

அப்புறம் வானிலை. ஏ.டி.எஸ்-பி ரிசீவர் ஒன்றை இணைத்தால் அமெரிக்காவில் மழை ரேடார் படம் ஸ்கிரீனுக்கு இலவசமாகவே வரும். 'படம் ஒரு நிமிடம் பழையது' என்று ஓரத்தில் எழுதியிருக்கும். அந்த ஒரு நிமிடம், பல ரேடார்களின் தகவலை ஒட்டவைத்துப் படம் தயாரான பிறகு ஆன நேரம். உள்ளே இருக்கும் தகவல் அதைவிட 15, 20 நிமிடம்கூடப் பழையதாக இருக்கலாம் என்று அமெரிக்க விபத்து விசாரணை வாரியமான என்.டி.எஸ்.பி 2012-ல் எச்சரித்தது. டெக்ஸஸில் 2011 டிசம்பரில் ஐந்து பேர் இறந்த குட்டி விமான விபத்து அந்த எச்சரிக்கையில் இடம்பெற்ற உதாரணம். மணிக்கு 220 கிலோமீட்டர் வேகத்தில் போகிறவருக்கு 20 நிமிடம் என்பது 70 கிலோமீட்டருக்கும் மேல். ஸ்கிரீனில் ரெண்டு மழை மேகத்துக்கு நடுவே தெரியும் சந்து, இப்போ அங்கே இருக்காது. மழையை ரொம்ப தூரத்திலேயே சுற்றிப் போக அந்தப் படம் போதும், நடுவே நுழையப் போதாது.

கடைசியா கூலிங் கிளாஸ். போலரைஸ்டு வகைக் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தால் சில ஸ்கிரீன்கள் குறிப்பிட்ட கோணத்தில் கறுப்பாகிவிடும். பைலட்கள் இந்த வகையைத் தவிர்ப்பது நல்லது என்று அமெரிக்க விமானத்துறையே சொல்கிறது. நம்பலையா? உங்ககிட்ட ஒன்று இருந்தா மாட்டிக்கிட்டு, கையில் இருக்கிற போனை மெதுவா 90 டிகிரி திருப்பிப் பாருங்க.