முதலில் கிணறு, பிறகு தொட்டி

வீட்டு முற்றத்தில் வைக்கும் சுடுநீர்த் தொட்டிகளோடு வரும் கைந்நூல்கள் பெரும்பாலும் குளிர்நாடுகளை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. குழாயைத் திறந்தால் மென்னீர் வரும், சூடாக்கியை அணைத்தால் தண்ணீர் தானாகக் குளிர்ந்துவிடும் என்ற இரண்டு எதிர்பார்ப்புகள் அவற்றின் அறிவுரைகளுக்கு அடியில் இருக்கின்றன. புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் இரண்டையும் நம்ப முடியாது. கற்பிட்டியில் ஆலங்குடா, கண்டக்குளி பக்கம் கைட் சேர்ஃபிங் ஆட வருவோருக்காக எழுந்த விடுதிகளிலும், மாரவில, வென்னப்புவ பக்கம் இத்தாலிச் சம்பாத்தியத்தில் கட்டிய பெரிய வீடுகளிலும் ‘ஹொட் டப்’ வாங்கும் எண்ணம் எழுந்தால், அங்கே முதலில் கேட்கவேண்டிய கேள்வி எந்தக் கம்பனியின் தொட்டி என்பதல்ல. கிணற்றுத் தண்ணீரில் என்ன கரைந்திருக்கிறது என்பதுதான். இந்தக் கரையின் சுண்ணாம்பையும் வெப்பத்தையும் கணக்கில் எடுக்காமல் கைந்நூலை அப்படியே பின்பற்றினால் முதலில் கெடுவது கருவி. அடுத்து கெடுவது குளிப்பவரின் உடல்நலம்.

தொட்டித் தண்ணீர் ஏன் இவ்வளவு எளிதில் கெடுகிறது என்பதை அதன் அளவே சொல்லிவிடும். நான்கு பேர் அமரும் தொட்டியில் ஏறத்தாழ 1,200 லீற்றர் தண்ணீர் இருக்கும். ஆளுக்கு 300 லீற்றர். 50,000 லீற்றர் நீச்சல் குளம் ஒன்றில் இதே நெரிசலை உண்டாக்க 160க்கும் மேற்பட்டோர் ஒரே நேரத்தில் இறங்கவேண்டும். வியர்வை, தோல் எண்ணெய், பூசிய கிறீம் எல்லாம் இந்தச் சிறிய நீரளவுக்குள் சேர்கின்றன. அதற்கு மேல் சூடு. அதற்கும் மேல் காற்றோடு கலந்து பீய்ச்சும் நீர்த்தாரைகள். ஜக்குஸி குடும்பத்தார், மூட்டுவாதத்தால் துன்பப்பட்ட தம் வீட்டுப் பிள்ளைக்காகக் குளியல் தொட்டிக்குள் இறக்கி வைக்கும் நீரிறைக்கும் கருவி ஒன்றைச் செய்தார்கள். உடலுக்கு இதம் தரும் அந்தத் தாரைகளே தண்ணீரின் வேதியியலை ஓயாமல் மாற்றிக்கொண்டிருப்பவையும்.

கிருமியைக் கொல்வது குளோரீன் என்று பொதுவாகச் சொல்கிறோம். உண்மையில் வேலை செய்வது, குளோரீன் தண்ணீரில் எடுக்கும் இரண்டு வடிவங்களில் ஒன்று மட்டுமே. ஐப்போகுளோரசமிலம் என்ற வடிவம் பற்றீரியாவின் சுவரை எளிதில் ஊடுருவிக் கொல்லும். அதன் அயன் வடிவத்துக்கு அந்த வலு மிகக் குறைவு. எந்த வடிவம் எவ்வளவு இருக்கும் என்பதைத் தீர்மானிப்பது பி.எச். பெறுமானம். அது 7.0 ஆக இருந்தால் குளோரீனின் முக்கால் பங்கு வலுவான வடிவில் இருக்கும், 7.5இல் பாதி, 8.0இல் கால் பங்கு; 8.5இல் பத்தில் ஒரு பங்கு அளவுதான். அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் சுடுநீர்த் தொட்டிக்கு லீற்றருக்குக் குறைந்தது 3 மில்லிகிராம் குளோரீனும், 7.0 முதல் 7.8 வரையான பி.எச். பெறுமானமும் வேண்டும் என்று இரண்டையும் சேர்த்தே சொல்வது இதனால்தான். சோதனைத் தாளில் குளோரீன் சரியாக இருந்தும் பி.எச். 8.5 என்று காட்டினால், தண்ணீரில் காவலாளிகள் நிற்கிறார்கள், ஆனால் பெரும்பாலோர் உறங்குகிறார்கள்.

இந்தக் கரையில் பி.எச். மேல்நோக்கியே ஓடும். புத்தளத்திலிருந்து வடக்கே யாழ்ப்பாணம் வரை நீளும் சுண்ணாம்புக்கல் பட்டையின் தென்முனை இங்கேதான் தொடங்குகிறது. அருவக்காட்டில் வெட்டியெடுத்துப் பாலாவி சீமெந்துத் தொழிற்சாலைக்கு அனுப்பும் கல் அதுவே. மழைநீர் அந்தக் கல்லினூடாக இறங்கும்போது மண்ணிலுள்ள காபனீரொட்சைட்டின் துணையால் சுண்ணாம்பைக் கரைத்து, கல்சியமாகவும் இருகாபனேற்றாகவும் கிணற்றில் கொண்டுசேர்க்கிறது. இந்தத் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பித் தாரைகளை இயக்கினால் கரைந்திருந்த காபனீரொட்சைட்டு வெளியேறும். அது வெளியேற வெளியேறப் பி.எச். ஏறும். முந்தல், உடப்புப் பக்கத்து இறால் பண்ணைகளில் வேலை செய்வோர் இதே விதியை இன்னொரு முகத்தில் நாளும் பார்க்கிறார்கள். பகலில் பாசி காபனீரொட்சைட்டை உறிஞ்சுவதால் பிற்பகலில் பண்ணைத் தண்ணீரின் பி.எச். உயர்கிறது, இரவு முழுவதும் உயிர்கள் சுவாசித்து அதைத் திருப்பித் தருவதால் விடியலில் இறங்குகிறது. காலையும் மாலையும் அளப்பது அதற்காகத்தான். சுடுநீர்த் தொட்டியில் ஏற்றம் மட்டுமே உண்டு. தானாக இறங்கும் விடியல் அதற்கு இல்லை.

பி.எச். ஏறினால் அடுத்து வருவது படிவு. பெரும்பாலான பொருள்கள் சூட்டில் கூடுதலாகக் கரையும். கல்சியம் காபனேற்று சூட்டில் குறைவாகவே கரையும். ஆகவே தண்ணீர் மிகச் சூடாகும் இடத்தில், அதாவது சூடாக்கிக் கம்பியின் மேல், அது முதலில் கெட்டிப்படுகிறது. கேத்தலின் அடியில் வெள்ளையாகப் படிவது இதுவே. உப்பளத்திலும் வரிசை இப்படித்தான்: கடல்நீர் வற்றும்போது முதலில் பிரிவது சுண்ணாம்பு, அடுத்து ஜிப்சம், அதன் பிறகுதான் உப்பு. புத்தளத்து உப்பளங்களில் கடல்நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றிச் செறிவாக்கும் முறை இந்த வரிசையைப் பயன்படுத்தியே உப்பைத் தூய்மையாகப் பிரிக்கிறது. தொட்டியிலோ பிரியும் சுண்ணாம்புக்குத் தனிப் பாத்தி கிடையாது. அது சூடாக்கியிலும் வடிகட்டியிலும் தாரைத் துளைகளிலும் ஒட்டிக்கொள்ளும். கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் வில்பிரட் லாங்கிலியர் 1936இல் வகுத்த சுட்டெண் பி.எச்., கல்சியம், காரத்தன்மை, வெப்பநிலை ஆகியவற்றை ஒன்றாக வைத்து, ஒரு தண்ணீர் சுண்ணாம்பைப் படியவிடுமா கரைக்குமா என்று கணிக்கிறது. வன்னீர்க் கிணறு, உயர்ந்த காரத்தன்மை, 40 பாகை வெப்பம் ஆகிய மூன்றும் சேர்ந்தால் விடை படிவின் பக்கமே சாயும்.

எனவே கைந்நூலின் முதல் அறிவுரையையே இங்கே திருப்பிப்போட வேண்டியிருக்கிறது. மென்னீர் உலோகத்தை அரிக்கும் என்பதால் அந்நூல்கள் கல்சியம் கூட்டும் தூளையும் காரத்தன்மை கூட்டும் தூளையும் பரிந்துரைக்கின்றன. சுண்ணாம்புக் கிணற்றுக்கு இரண்டும் வேண்டாம், வேண்டியது அமிலம். ஒரு கணக்கைப் பார்ப்போம். 1,200 லீற்றர் தண்ணீரின் காரத்தன்மை லீற்றருக்கு 300 மில்லிகிராம் என்று சோதனையில் வந்தால், அதை 80க்குக் கொண்டுவர 33 சதவீத ஐதரோகுளோரிக் அமிலம் அரை லீற்றருக்குச் சற்றுக் கூடுதலாகத் தேவைப்படும். அதை ஒரே நாளில் ஊற்றக்கூடாது. ஒரு வாளித் தண்ணீரில் ஐம்பது மில்லிலீற்றர் அளவாகக் கலந்து, மூடியைத் திறந்துவைத்து, தாரைகளை இயக்கி, அளந்து, மறுபடி சேர்க்கவேண்டும். அமிலம் இருகாபனேற்றைக் காபனீரொட்சைட்டாக மாற்றும்; தாரைகள் அதை வெளியேற்றும். கல்சியம் தண்ணீரிலேயே இருக்கும். ஆனால் சேர்ந்து படிவதற்குக் காபனேற்று கிடைக்காது. அமிலத்தைத் தண்ணீரில் விடலாம், அமிலத்தின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. அமிலத்தையும் குளோரீனையும் ஒரே பாத்திரத்தில் கலந்தால் நச்சு வாயு எழும். இரண்டையும் ஒரே அலமாரியில்கூட வைக்கவேண்டாம்.

குளோரீனைத் தேர்வதிலும் இந்த மண் குறுக்கே நிற்கிறது. கிணற்றுக்குப் போட்டுப் பழகிய பிளீச்சிங் பவுடர் கைக்கு எளிதில் கிடைக்கும். ஆனால் அது கல்சியம் சேர்ந்தது, போடப்போட வன்மையைக் கூட்டும். தொட்டிக்கென்று விற்கும் நிலைப்படுத்திய குளோரீன் தூள் சயனூரிக் அமிலத்தை விட்டுச்செல்லும். லீற்றருக்கு 10 மில்லிகிராம் குளோரீன் சேர்த்தால் 9 மில்லிகிராம் அளவு சயனூரிக் அமிலமும் தங்கும், அது குவியக் குவியக் குளோரீனின் வேகம் மந்தமாகும். வெயிலிலிருந்து குளோரீனைக் காக்கவே அந்தச் சேர்க்கை. மூடியிட்ட தொட்டிக்கு அதனால் பயன் சிறிது. திரவ சோடியம் ஐப்போகுளோரைற்று விட்டுச்செல்வது கொஞ்சம் உப்பை மட்டுமே. வெப்பத்தில் அது விரைவில் வலு இழக்கும் என்பது குறைதான். சிறு கலன்களாக வாங்கி நிழலில் வைத்தால் அந்தக் குறை தீரும்.

இனி வெப்பம். 40 பாகைச் சூடே கிருமியைக் கொன்றுவிடாதா என்று கேட்பவர்கள் உண்டு. கொல்லாது. நிமோனியாவை உண்டாக்கும் லெஜியோனெல்லா பற்றீரியா 20 முதல் 45 பாகை வரை பெருகும். தொட்டியின் வெப்பம் அதற்கு வாய்த்த வீடு. தண்ணீருக்குள் இறங்கவும் தேவையில்லை, தாரைகள் எழுப்பும் நுண்துளிகளைச் சுவாசித்தாலே போதும். 1999 பெப்ரவரியில் நெதர்லாந்தின் போவன்கார்ஸ்பெல் ஊரில் நடந்த மலர்க் கண்காட்சியில் விற்பனைக்காக ஒரு சுழல்நீர்த் தொட்டியை இயக்கி வைத்திருந்தார்கள். யாரும் அதில் குளிக்கவில்லை. அருகே நடந்துசென்றவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் நோயுற்றனர். குறைந்தது 32 பேர் இறந்தனர். குளிர்நாட்டில் அணைத்துவைத்த தொட்டி சில நாட்களில் 20 பாகைக்குக் கீழே போய்ப் பற்றீரியாவின் பெருக்கத்தை நிறுத்திவிடும். கற்பிட்டியில் அணைத்துவைத்த தொட்டி 30 பாகையை ஒட்டியே நிற்கும், அதுவும் குளோரீன் தீர்ந்த நிலையில். பருவம் முடிந்து பூட்டிய விடுதியிலும், உரிமையாளர் இத்தாலிக்குத் திரும்பிப்போன வீட்டிலும் மூடிக்கடியில் தேங்கிக் கிடக்கும் தண்ணீர்தான் இந்த மாவட்டத்தின் பெரிய ஆபத்து. பயன்படுத்தாத காலத்தில் தொட்டியை வடித்துக் காயவிடவேண்டும். அல்லது ஒருவர் வந்து அளந்து மருந்திடவேண்டும். அணைத்துவிட்டோம் என்று நிம்மதி கொள்ள இங்கே இடமில்லை.

மூன்று மறுப்புகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். உப்பு முறைத் தொட்டி வாங்கினால் குளோரீனே வேண்டாமே என்பது முதலாவது. அந்தத் தொட்டி செய்வதெல்லாம் உப்பிலிருந்து மின்சாரத்தால் குளோரீனை அங்கேயே உண்டாக்குவதுதான். மின்தகட்டருகே காரம் பிறப்பதால் வன்னீரில் தகடே முதலில் சுண்ணாம்பு பூசிக்கொள்ளும். புத்தளம் உப்பு வீட்டு வாசலில் கிடைக்கிறதே என்று கல்லுப்பைக் கொட்டினால் அதிலுள்ள மகனீசியமும் கல்சியமும் உடன் சேரும். இரண்டாவது, மழைநீரை நிரப்பினால் சுண்ணாம்புத் தொல்லை தீராதா என்பது. பாதி தீரும். மழைநீரையும் கிணற்று நீரையும் சரிபாதியாகக் கலந்தால் வன்மையும் காரத்தன்மையும் பாதியாகி, அமிலச் செலவும் குறையும். தனி மழைநீரோ உலோகத்தை அரிக்கும் மென்னீர். அதற்குக் கைந்நூல் சொல்வதே சரி.

மூன்றாவது மறுப்பு, வாரந்தோறும் தண்ணீரை மாற்றிவிட்டால் இந்த வேதியியலெல்லாம் எதற்கு என்பது. ஒவ்வொரு புது நிரப்பலும் புதுச் சுண்ணாம்பைக் கொண்டுவரும், சூடாக்க மின்சாரத்தையும் கேட்கும். நாள்தோறும் நான்கு பேர் இறங்கும் 1,200 லீற்றர் தொட்டிக்கு வழக்கமான கணக்கு ஏறத்தாழ 26 நாளுக்கு ஒரு மாற்றம். வடித்த தண்ணீர் எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. கற்பிட்டி மணலில் ஊற்றியது கிணற்றுக்கே திரும்பும்: வெங்காயத்துக்கும் மிளகாய்க்கும் இட்ட உரத்தின் நைத்திரேற்று, உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்கு வகுத்த, லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்ற எல்லையைத் தாண்டி அங்கத்தைய கிணறுகளில் இருப்பது 1980களிலிருந்து ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஆகவே குளோரீன் முற்றாக ஆறும்வரை திறந்துவைத்து, சோதனையில் பூச்சியம் கண்ட பிறகே வடிக்கவேண்டும். வாவிக்கோ இறால் பண்ணைக் கால்வாய்க்கோ அதை விடவே கூடாது.

தண்ணீர் பளிங்குபோல இருக்கிறதே, பிறகென்ன அளவை என்று நினைப்பதுதான் இவையெல்லாவற்றிலும் ஆழமான பிழை. சுண்ணாம்பு கரைந்திருக்கும்வரை தெரியாது, லெஜியோனெல்லா கண்ணுக்குத் தெரியாது, பி.எச். பெறுமானத்துக்கு நிறமும் இல்லை மணமும் இல்லை. 1996இல் வெண்புள்ளி நோய் இறால் பண்ணைகளைச் சாய்த்தபோது இந்த மாவட்டம் பெரும் விலை கொடுத்துக் கற்ற பாடமும் இதுவே: கேடு வரும்போது தண்ணீர் பார்வைக்கு நன்றாகவே இருக்கலாம். அந்தப் பாடத்தால் பண்ணைகளில் காரத்தன்மையும் பி.எச்.சும் அளக்கத் தெரிந்த கைகள் நூற்றுக்கணக்கில் இங்கே உண்டு. தொட்டி விற்பவர்கள் விலைச்சீட்டுக்கு முன் கிணற்றுச் சோதனையைக் கேட்கவேண்டும். விருந்தினரை இறக்கும் விடுதிகள் பண்ணையில் பழகிய ஒருவரிடம் தொட்டியை ஒப்படைத்து, அன்றைய குளோரீனையும் பி.எச். பெறுமானத்தையும் தொட்டியருகே எழுதித் தொங்கவிடவேண்டும். அந்தப் பலகை இல்லாத தொட்டியில் இறங்க மறுக்கும் உரிமை குளிக்க வருபவருக்கு உண்டு. அதைத் தயங்காமல் பயன்படுத்துவதே நல்லது.