தண்சுனையும் வெந்நீர்ச் சுனையும்

சுனை என்றதும் குளிர்ச்சியை எண்ணுவதே நம் வழக்கம். 'தண்சுனை' என்னும் பழஞ்சொல்லே அதற்குச் சான்று. அதனால், கிண்டி தேசியப் பூங்காவைக் காணச் சென்ற வேளையில், "இங்கே வெந்நீர் ஊற்று உண்டா?" என்று மாணவர் ஒருவர் வினவியதும் உடன் வந்தோர் நகைத்தனர். வினா நகைக்கத்தக்கதன்று.

அடையாற்றுக்கு அருகே, 1978-இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பெற்ற 2.7 சதுர கிலோமீட்டர் காடு அது. குளங்கள் உண்டு, வெந்நீர் இல்லை. பரங்கிமலையிலும் பல்லாவரத்திலும் தலைகாட்டும் நம் சார்னோகைட் பாறை ஏறத்தாழ 250 கோடி ஆண்டுப் பழமையுடையது; எரிமலை எதுவும் அண்மையில் இல்லை.

எனினும், ஊற்று சூடேற எரிமலை வேண்டுமென்பதில்லை. நிலத்தினுள் ஒரு கிலோமீட்டர் இறங்க, வெப்பம் 25 முதல் 30 பாகை வரை மிகும். மழைநீர் பாறைப் பிளவுகளின் வழியே ஆழம் சென்று சூடேறி, ஆறுமுன் மேலெழுமாயின் அதுவே வெந்நீர் ஊற்று. திருகோணமலையை அடுத்த கன்னியாவின் ஏழு கிணறுகள் இவ்வகையின. அருகருகே இருந்தும் ஒவ்வொன்றின் சூடும் ஒவ்வொரு விதம்! இராவணன் தன் தாய்க்கு நீர்க்கடன் ஆற்றத் தோண்டியவை என்பது செவிவழிக் கதை. அந்நீரை வாளியால் மொண்டு நீராடுவர்.

அமெரிக்காவின் யெல்லோஸ்டோனில் அவ்வாறு செய்ய எண்ணுதலும் ஆகாது. 1872-இல் அமைந்த அப்பூங்காவே உலகின் முதல் தேசியப் பூங்கா. அங்கு அடியில் கனல்வது பாறைக்குழம்பு. உயர்ந்த இடமாதலால் நீர் 93 பாகையிலேயே கொதிக்கும். ஊற்றைச் சுற்றிய நிலம் உறுதியானதுபோல் தோன்றும். உண்மையில் அது மெல்லிய ஓடு. ஆகவேதான் மரப்பலகைப் பாதை. 2016-இல் பாதையை விட்டு விலகிச் சென்ற இளைஞர் ஒருவர் ஊற்றில் வீழ்ந்து மாண்டார், உடலும் மீட்கப்படவில்லை.

இத்தகைய நீரிலும் உயிர் வாழ்கிறது என்பதே வியப்பு. 70 பாகைச் சூட்டில் செழிக்கும் நுண்ணுயிர் ஒன்றை இங்குக் கண்டு, 1969-இல் தாமஸ் பிராக்கும் ஹட்சன் ஃபிரீஸும் உலகுக்கு அறிவித்தனர். சூட்டில் சிதையாத அதன் நொதியே பி.சி.ஆர். சோதனைக்கு அடிப்படையாயிற்று. கொரோனாக் காலத்தில் மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் மூக்கில் பஞ்சுக்குச்சியை ஏற்றவர்கள் அந்தத் தொலைதூர ஊற்றை அறிந்திருக்க மாட்டார்கள்.

அதே பூங்காவில் 'மார்னிங் குளோரி' என்றோர் ஊற்று. காலையில் மலரும் நீலப்பூவின் பெயர். வந்தவர்கள் வேண்டுதலாகவும் விளையாட்டாகவும் காசுகளை எறிந்தனர். அவை அடித்துவாரத்தை அடைத்தன, நீர் ஆறிற்று, ஆறிய நீரில் வேறு நுண்ணுயிர்கள் குடியேறின. 1950-இல் ஊற்றைப் பொங்கச் செய்தபோது காசுகள் குவியலாக வெளிவந்தன. நீலம் மட்டும் முழுமையாக மீளவில்லை. விளிம்பில் இன்று மஞ்சளும் செம்மஞ்சளும் படர்ந்துள்ளன.